சத்தம் ஆகாத சவுண்ட்காரன்

செத்தவீட்டில் நின்றுகொண்டு "செத்தது ஆர்?" என்று கேட்ட ஒரே ஆள் எங்கள் ஊரில் நான்தான். ஒருதரம் கேட்டிருந்தால் சனம் மன்னித்திருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டேனாம். அடக்கம் முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்களாம். இறந்தவரின் மகன் முதலில் பொறுமையாகப் பதில் சொல்லி, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, கடைசியில் என் மனைவியைக் கூப்பிட்டு, "மாமி, மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எங்கையோ ஊத்திப்போட்டு வந்திருக்கிறார் போல கிடக்கு" என்றானாம். நான் வாயில் ஒரு துளி வைப்பதில்லை. இதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்துத் தெரிந்துகொண்டது.

நான் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, சின்னப்பிள்ளைகளின் முதல்நன்மை, கோயில் திருவிழா, செத்தவீடு எதுவானாலும் ஸ்பீக்கர், அம்பிளிபையர், மைக் எல்லாம் கொண்டுபோய்க் கட்டுவது என் பிழைப்பு. இந்தியாவில் மண்டபம் முகாமில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு கடையில் இந்தத் தொழிலைப் பழகி, ஊருக்குத் திரும்பும்போது பழைய அம்பிளிபையர் ஒன்றைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். அன்றைக்கு அந்தச் செத்தவீட்டு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கீழே நின்று கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தேன். கயிறு உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. "கயிறை மாத்துங்கோ, கயிறை மாத்துங்கோ" என்று மனைவி எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். நான் ஓம் ஓம் என்றுவிட்டு மாற்றாமல் இருந்தேன். கயிறு அறுந்தது. இரும்புக் குழாயின் விளிம்பு வந்து வலது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே விழுந்தது.

நான் விழவில்லை, மயங்கவில்லை. ஒரு சின்ன வீக்கம், அதன் மேல் ஒரு கீறல், அவ்வளவுதான். என் கேள்விகளைக் கேட்டுப் பயந்துபோன மனைவி ஒரு ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஒரு இளம் டொக்டர். தென்பகுதிப் பிள்ளை, தமிழைப் பழகி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எடுத்து வைத்தார்.

"ஐயா, ஸ்கேன் நல்லம். ரத்தம் கசியல்ல, எலும்பு உடையல்ல. ஆனா மூளை நல்லாக் குலுங்கி இருக்கு. அது ஸ்கேன்ல தெரியாது. தலையிடி வரும், வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது. கோபம் வரும், அழுகை வரும், மறதி வரும். பயப்பட வேணாம், கொஞ்சம் கொஞ்சமாப் போகும். ஓய்வு எடுக்கணும். தலையில இன்னொரு அடி படவே கூடாது."

மனைவி முழுவதையும் கேட்டாள். நான் "ஸ்கேன் நல்லம்" என்பதை மட்டும் கேட்டேன். நாங்கள் வீடு வந்து சேருவதற்கு முன்பே ஊருக்கும் அது மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது.

இந்த இடத்தில் என் மனைவியின் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழில் தொடங்கிய நாட்களில் சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. நான் மரத்தில் ஏறினால் அவள் கீழே அம்பிளிபையருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாள். அவளுடைய இடது காதுக்கு நேரே பெட்டி ஸ்பீக்கர். இப்படியே வருடக்கணக்காக இருந்ததில் இடது காது மந்தமாகிவிட்டது. காது மந்தமானவர்கள் உரக்கப் பேசுவார்கள் அல்லவா, அவளும் அப்படித்தான். குசினிக்குள் இருந்து உப்புப் போத்தல் எங்கே என்று கேட்டால் இறங்குதுறையில் நிற்கிறவன் தன் வீட்டு உப்பைத் தேடுவான். "என்னட்ட ரெண்டு சவுண்ட் சிஸ்டம் கிடக்கு, ஒண்டுக்குக் கறண்ட் தேவையில்லை" என்று நான் எல்லோரிடமும் பகிடி விடுவேன். அவளும் சிரிப்பாள். அதுவும் நல்ல சத்தமாகத்தான் இருக்கும்.

அடி விழுந்த பிறகு எனக்குச் சத்தம் ஆகாமல் போயிற்று. காகம் கரைந்தால் தலைக்குள் ஊசி ஏறியது. குக்கர் விசில் அடித்தால் கையில் இருப்பதை எறியவேண்டும் போலிருந்தது. தெருவில் திரிகிற கழுதைகள் இத்தனை காலமாக இவ்வளவு சத்தமாகவா கத்திக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சமும் ஆகவில்லை. சன்னலில் சாரத்தைத் திரையாகக் கட்டிவிட்டு இருட்டு அறைக்குள் கிடந்தேன்.

காலையில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்தத் தகரப் பாட்டு இலங்கை முழுக்க எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருநாள் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஓட்டோவை மறித்து, "இன்னொருக்கா இந்தப் பாட்டோட இந்த ஒழுங்கைக்குள்ள வந்தியெண்டால் ஸ்பீக்கரைப் புடுங்கிக் கடலுக்குள்ள எறிவன்" என்று கத்தினேன். ஊருக்கே ஸ்பீக்கர் கட்டுகிறவன் வந்து இப்படிச் சொன்னால் அந்த மனிதன் என்ன நினைப்பான்? பாவம், அடுத்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கை முனையில் பாட்டை நிறுத்திவிட்டுக் கள்ளனைப் போல மெதுவாக வந்தான். வந்தது யாருக்கும் தெரியவில்லை. அயலட்டை முழுக்கப் பாண் இல்லாமல் இருந்து என்னைத் திட்டியது.

கோபம் அடங்கினால் அழுகை. படலையடியில் ஒரு கழுதைக்குட்டி தாயைத் தேடி நின்றதைப் பார்த்து அழுதேன். டிவியில் கிரிக்கெட் தோற்றதற்கு அழுதேன். கருவாட்டை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போனதற்கும் கண்ணீர் வந்தது. நான் கிறுக்கனாகி விட்டேனோ என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஒருநாள் கையில் ஒரு வயரை வைத்துக்கொண்டு, அது எதில் கொழுவுகிற வயர் என்று தெரியாமல் நெடுநேரம் நின்றேன். என் வாழ்நாள் முழுக்கக் கொழுவிய வயர் அது. அப்படி நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் படித்தார்கள். "ஆளைப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கிறியள்!" கால் முறிந்திருந்தால் முட்டையும் பால்மாவும் கொண்டுவந்து மரியாதையாகக் கட்டிலடியில் இருந்திருப்பார்கள். தலைக்குள் நடப்பதை நான் எப்படிக் காட்டுவது? அம்பிளிபையர் கீழே விழுந்தால் வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே எங்கோ ஒரு ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும், பாட்டுப் போட்டால்தான் தெரியும் என்று விளக்கினேன். "அப்ப ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லுறியள்" என்றுவிட்டுப் போனார்கள்.

ஆனால் மருந்துக்குக் குறைவில்லை. பக்கத்துவீட்டு அக்கா நாவூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டு வீடு முழுக்க இருமவைத்தார். சிலாவத்துறையிலிருந்து என் பழைய கூட்டாளி ஓதின தண்ணி போத்தலோடு வந்தான். பெரியமடுவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பூசை செய்த நூலைக் கொடுத்தனுப்பி மணிக்கட்டில் கட்டச் சொன்னது. எங்கள் கோயில் பாதர் எண்ணெய் பூசி செபித்தார். நான் எதையும் மறுக்கவில்லை. என் தலையில் எல்லாச் சமயமும் சமாதானமாகத்தான் இருந்தன, நானும் மனைவியும்தான் இல்லை.

அவள் வாயைத் திறந்தாலே நான் சீறினேன். அவள் பொறுத்துக்கொண்டாள். டொக்டர் சொன்னதை அவள்தானே முழுசாகக் கேட்டவள்.

விடத்தல்தீவில் ஒரு சாமத்தியவீட்டுக்கு முன்னமே சம்மதித்திருந்தேன். "இதுக்கு வேற ஆளைப் பிடிச்சுக் குடுப்பம், நீங்கள் போகவேண்டாம்" என்றாள். "எனக்கு ஒண்டுமில்லை எண்டு ஊரே சொல்லுது, நீ மட்டும் என்னை நோயாளியாக்கு" என்று பாய்ந்துவிட்டுச் சாமான்களை ஏற்றினேன். அவளும் வந்து வான் வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். என்னைக் காவல் காக்க வந்தாள் என்று எனக்கு விளங்கியது, அதற்கும் கோபம் வந்தது.

மண்டபம் நிறையச் சனம். பிள்ளைக்குப் பட்டுச்சேலை உடுத்தி, குத்துவிளக்கோடும் ஆலாத்தித் தட்டுகளோடும் பெண்கள் அழைத்துவருகிறார்கள். வாசலைத் தாண்டும்போது நான் பாட்டைப் போடவேண்டும். கொம்பியூட்டரில் எல்லாப் பாட்டும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். தட்டினேன்.

சேமக்காலைப் பாட்டு வந்தது. பிரேதத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது நாங்கள் போடுகிற பாட்டு. எங்கள் பக்கத்தில் அந்த முதல் இரண்டு அடியைக் கேட்டால் தெருவில் போகிறவன் தொப்பியைக் கழற்றுவான். ஒரு பெண்ணின் கையிலிருந்த தட்டு சரிந்தது. "மாதாவே!" என்று யாரோ கத்தினார்கள். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன், எதைத் தட்டினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிலை.

மனைவி பாய்ந்து வந்து என் காதுக்குள், "என்னப்பா செய்யுறியள்? நிப்பாட்டுங்கோ! சேமக்காலைப் பாட்டப்பா!" என்று கத்தினாள்.

"வாயை மூடடி! உன்ர சத்தத்திலதான் எனக்கு விசர் பிடிக்குது!" என்றேன்.

மைக் போட்டிருந்தது.

நான் கட்டிய ஸ்பீக்கர்கள். நல்ல துல்லியம். ஒரு எழுத்துப் பிசகாமல் மண்டபம் முழுக்கவும், வெளியே சமைத்துக்கொண்டு நின்றவர்களுக்கும், மதிலுக்கு அப்பாலும் கேட்டது. குனிந்த தலையோடு வந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளைகூடத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மனைவி மைக்கை நிறுத்தினாள். பாட்டை நிறுத்தினாள். சரியான பாட்டைத் தேடிப் போட்டாள். வீட்டுக்காரரிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். விழா முடியும்வரை என் கதிரையில் அவள் இருந்தாள், நான் வானுக்குள் இருந்தேன். சாமான் ஏற்றி, வீடு வந்து, சாமான் இறக்கும்வரை என்னோடு ஒரு சொல் இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீடு அமைதி. தலையிடி குறைந்தது. நித்திரை வந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, குளிசையும் தண்ணியும் ஸ்டூலில் இருந்தன. பிறகு ஒருநாள் கவனித்தேன், அவள் கோழிகளைக்கூட மெதுவாகக் கூப்பிடுகிறாள். கோழிகள் வரவில்லை, அவைகளுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. பானை மூடிகளுக்குக் கீழே துணி வைத்திருந்தாள். கதிரைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தாள். குக்கர் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது, சோறு பானையில் வெந்தது. இவ்வளவும் எனக்காகச் செய்கிறவள் என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. நான் கேட்டது இதைத்தானே, கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. இனி எப்போதும் இப்படித்தான் என்றால் நான் என்ன செய்வேன்?

குசினி வாசலில் போய் நின்றேன். சொல்ல வந்த சொல் வாய்க்கு வரவில்லை. "அண்டைக்கு... அது..." என்று இழுத்தேன், அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அவள் தோளில் கிடந்த துவாயை எடுத்து என் பக்கம் நீட்டிவிட்டுத் தேங்காயைத் திருவினாள். இன்னொரு நாள் எப்படியோ "மன்னிச்சுக்கொள்ளப்பா" என்று சொல்லியும்விட்டேன், நல்ல காதுப் பக்கம் நின்றுதான் சொன்னேன். தேங்காய் திருவுகிற சத்தம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

அவளுடைய தமையன், என் மச்சான், படகு வைத்திருக்கிறவர், கதையைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீர் நல்ல கெட்டிக்காரன் மச்சான்! ஏசினது நாலு ஊருக்குக் கேக்க மைக்கில, மன்னிப்புக் கேக்கிறது குசினிக்குள்ள கள்ளமாவோ?" என்றார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த ஆத்திரம் வந்த வேகத்திலேயே அடங்கியது, அதுவே ஒரு முன்னேற்றம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அதே டொக்டர். "கோபம் எப்படி?" என்று கேட்டார். மனைவி அவரைப் பார்த்து, "கோபம் குறைஞ்சிட்டுது டொக்டர். ஆளும் குறைஞ்சு போனார். கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நிக்கிறார்" என்றாள். அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வயரை மறந்த கதையை முதல்முறையாக வெளியே சொன்னேன். "டொக்டர், இனி நான் இப்பிடித்தானோ?" என்று கேட்டேன்.

"இல்ல ஐயா. சுகமாகிக்கொண்டுதான் வருது. சிலருக்கு நேரம் எடுக்கும். சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாப் பழகணும், ஒரேயடியா இல்ல" என்றவர், மனைவியைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "அம்மாவை மைக்கில ஏசினதுக்கு மட்டும் என்கிட்ட குளிசை இல்ல." அந்தக் கதை ஆஸ்பத்திரிவரை போயிருந்தது.

திருவிழா வந்தது. ஊர் திரும்பிய நாளிலிருந்து எங்கள் கோயில் திருவிழாவுக்கு என் ஸ்பீக்கர்தான். பாதரும் திருவிழாக் குழுவும் வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இந்த முறை டவுனிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். நான் வாய் திறக்க முன்னம் மனைவி, "ஏன் பாதர்? நான் இருக்கிறன்தானே" என்றாள். மச்சானும் அவருடைய ஆட்களும் மரம் ஏறினார்கள். எல்லாக் குழாய்க்கும் புது நைலோன் கயிறு. எனக்குக் கடற்கரையில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, மணலில் ஏற்றி வைத்திருந்த மச்சானின் படகில், ஒரு குடையோடு.

திருவிழாப் பூசை முழுவதையும் அந்தப் படகில் இருந்து கேட்டேன். எங்கள் கோயிலில் ஒரு குழாய் எப்போதும் கடலைப் பார்த்துத்தான் கட்டுவோம், கரையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், அது ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. கீச்சென்ற சத்தத்தையும் நன்றாக இறக்கி வைத்திருந்தாள். இடது காது மந்தமான ஆள், தனக்குக் கேட்கவேண்டும் என்று எப்போதும் அதைத்தான் ஏற்றி வைப்பாள், அதில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை. அன்றைக்குப் பாட்டு எனக்கு வலிக்காமல் வந்தது.

பூசை முடிந்து அறிவித்தல்கள் தொடங்கின. மனைவியின் குரல். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் குரலை முழுசாகக் கேட்கிறேன்! மஞ்சள் சட்டை போட்ட குழந்தை ஒன்று மைக்கடியில் அழுதுகொண்டு நிற்கிறது, தாய் உடனே வரவும். நீலச் செருப்பு ஒரு சோடி மாறிப் போய்விட்டது, போட்டுக்கொண்டு போனவர் தயவுசெய்து குனிந்து காலைப் பார்க்கவும். சமையல் கொட்டிலை மறித்து மோட்டார் சைக்கிளை விட்டிருப்பவர் வந்து எடுக்காவிட்டால் அதன் மேல் கிடாரம் வைக்கப்படும். சனம் சிரித்தது.

பிறகு மைக்கில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அடுத்த அறிவித்தல். கடற்கரையில படகுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு இருக்கிற சவுண்ட்காரர் கவனிக்கவும். உங்களுக்குக் குளிசை போடுற நேரம் வந்திட்டுது. வெறும் வயித்தில போடக்கூடாது. உடனடியாக மைக்கடிக்கு வரவும்."

ஊரே ஆர்ப்பரித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கமுன், அறிவித்தல் குரலை விட்டுவிட்டு, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில், முழுத் தொண்டையில் கேட்டாள்:

"என்னப்பா... கேக்குதோ?"

தலைக்குள் சுள்ளென்று குத்தியது. நான் காதைப் பொத்தவில்லை. படகில் எழும்பி நின்று, "ஓம்! கேக்குது!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே வலித்தது. அவளுக்கு அது கேட்டிருக்காது. குடையையும் விட்டுவிட்டு மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மைக்கடியில் சோற்றுப் பாசலும் குளிசையும் தண்ணிப் போத்தலும் தயாராக இருந்தன. அவள் எழும்பி மைக்கை நிறுத்தக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லவேண்டியதை வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன், பாதியை மறந்துவிட்டேன். மிச்சத்தைச் சொன்னேன்.

"இஞ்சாரப்பா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. நீ கதை. சத்தமாவே கதை. நீ கதைக்காமல் விட்டாத்தான் எனக்கு விசர் பிடிக்குது."

எல்லாக் குழாயும் அதைச் சொல்லி முடித்தன. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக் போட்டிருப்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டே, அதற்கு நேரே வாயை வைத்துச் சொன்னாள்:

"சரி, சரி. அழாமச் சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."